பெற்றோர் பேனாவில் குழந்தையின் முன்னேற்றம்: ஆட்டிசக் கேள்விப் பட்டியல்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

1998-இல் மூன்று குழந்தைகளைப் பற்றிய சிறு மருத்துவக் குறிப்பு ஒன்று வெளியானது. வயிற்றுக் கோளாறுக்காகப் பரிசோதனைக்கு வந்த அந்த மூவருக்கும் ஆட்டிசம் இருந்தது. பரிசோதனையின் ஒரு பகுதியாக, கணையத்தைத் தூண்டும் செக்ரடின் என்ற ஹார்மோன் அவர்களுக்குச் செலுத்தப்பட்டது. சில வாரங்களில் பேச்சும் கண் பார்த்துப் பழகுவதும் மேம்பட்டதாகக் குறிப்பு சொன்னது. தொலைக்காட்சி அதைப் பெரிதாக்கியது. ஓராண்டு கழிவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அந்த ஊசி போடப்பட்டுவிட்டது. பலரின் பெற்றோர், மாற்றத்தைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள்.

1999 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 60 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் செக்ரடின், மறு பாதிக்கு உப்பு நீர். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரங்களின் முடிவில் இரண்டு குழுவிலுமே மதிப்பெண்கள் மேம்பட்டிருந்தன. உப்பு நீரை விஞ்சும் எதையும் செக்ரடின் செய்யவில்லை. இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொன்ன பிறகும், அவர்களில் 69 சதவீதத்தினர் அந்த ஊசியில் தங்களுக்கு ஆர்வம் இருப்பதாகவே பதில் சொன்னார்கள்.

ஆட்டிச ஆய்வு உலகில் பெற்றோர் சொல்லின் மீது அவநம்பிக்கை கொள்பவர்கள் எடுத்துக்காட்டும் முதல் சம்பவம் இது. ‘அம்மா அப்பாவைக் கேட்டால் முன்னேற்றம் என்றுதான் சொல்வார்கள், அதை எப்படி அளவாகக் கொள்வது?’ என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவு அவசரமானது.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 2002-இல், அதே இதழில் ரிஸ்பெரிடோன் மருந்தைப் பற்றிய ஆய்வு வெளியானது. கடும் கோபம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், பிறரைத் தாக்குதல் ஆகியவை உள்ள 101 குழந்தைகள், எட்டு வாரங்கள். முக்கிய அளவுகோல், அமன், சிங் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட 58 கேள்விகள் கொண்ட நடத்தைப் பட்டியல். அதில் எரிச்சலை அளக்கும் 15 கேள்விகளுக்குப் பதில் தந்தவர்கள் பெற்றோர்தான். மருந்து பெற்ற குழுவில் மதிப்பெண் 56.9 சதவீதம் குறைந்தது; போலி மருந்து பெற்ற குழுவில் 14.1 சதவீதம். அந்த மருந்து ஆட்டிசத்தின் மையக் கூறுகளை மாற்றுவதில்லை, உடல் எடையை ஏற்றிவிடும் என்பதெல்லாம் தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உண்மையில் வித்தியாசம் இருந்த இடத்தில் பெற்றோரின் பேனா அதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. வித்தியாசம் இல்லாத செக்ரடின் விஷயத்திலும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததால், அதே பேனா உண்மையைச் சொல்லிவிட்டது.

ஆகவே பெற்றோரை நம்பலாமா கூடாதா என்று விவாதிப்பதில் பயனில்லை. அவர்களிடம் என்ன கேட்கிறோம், எப்போது கேட்கிறோம், பதிலை எதனோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் கணிப்பில், நடந்ததைச் சொல்வதில் பெற்றோரை மிஞ்ச ஆள் இல்லை. ‘எவ்வளவு தேறியிருக்கிறது?’ என்று தீர்ப்புக் கேட்கும்போதுதான் ஆசையும் அச்சமும் செலவழித்த பணமும் பதிலுக்குள் புகுந்துவிடுகின்றன.

பெற்றோரைத் தவிர வேறு யாரைக் கேட்பது என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். ஆட்டிசத்தைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் நேரடி மதிப்பீடு, பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு விளையாடியும் பேசியும் செய்வது. 40 முதல் 60 நிமிடங்கள் நீளும். அந்த ஒரு மணி நேரத்தில் இரவுத் தூக்கம் தெரியாது. சாப்பாட்டு வேளைப் போராட்டம் தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் வரும் ஆவேசம், அந்த ஒரு மணி நேரம் பார்த்து வரப்போவதில்லை. தெரபி அறையில் கற்றது வீட்டுக்கு வந்ததா, தெருவுக்கு வந்ததா, பாட்டியிடமும் அதைச் செய்கிறானா என்பதை அறைக்குள் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆட்டிசத்தில் இது சிறிய விஷயமல்ல. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டு போவதுதான் பல குழந்தைகளுக்குக் கடினம்.

பெற்றோரிடம் கேட்டு அன்றாடத் திறன்களை அளப்பதும் இந்தத் துறையின் பழைய கருவிகளில் ஒன்றுமான வைன்லேண்ட் அளவுகோலின் பலமும் இங்கேதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரிலிருந்த பயிற்சிப் பள்ளியில் எட்கர் டால் 1935-இல் உருவாக்கிய அளவுகோல் அதன் மூதாதை. 1984-இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. 2016-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. குழந்தையால் ஒன்றைச் செய்ய முடியுமா என்று அது கேட்பதில்லை. அன்றாடம் செய்கிறதா என்று கேட்கிறது. உதவியின்றி வழக்கமாகச் செய்தால் 2, சில சமயம் செய்தால் 1, செய்வதே இல்லையென்றால் 0.

முடிவதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெரபிஸ்ட்டுக்கும் பெற்றோருக்கும் மூளும் சச்சரவுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறான் என்று தெரபிஸ்ட் எழுதுகிறார். போடுவதில்லை என்று அம்மா எழுதுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. அறையில் அவனுக்குப் பத்து நிமிடம் தரப்படுகிறது, சத்தம் இல்லை, முன்னால் ஒருவர் பொறுமையாகக் காத்திருக்கிறார். வீட்டில் பள்ளி வாகனம் வாசலில் ஒலியெழுப்புகிறது, அம்மாவே போட்டுவிடுகிறார். இரண்டு பதிலையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டிலும் இருந்த தகவல் போய்விடும். வித்தியாசத்தை அப்படியே வைத்துப் பார்த்தால், அடுத்த மாதம் செய்ய வேண்டியது தெரியும்: பொத்தான் பயிற்சியைக் கூட்டுவதல்ல, காலை நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளுவது.

வைன்லேண்டை நேர்காணலாக நடத்தும் முறையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கேள்விகளைப் பெற்றோர் முன் நீட்டுவதில்லை. ‘காலையில் எழுந்ததிலிருந்து என்ன நடக்கும், சொல்லுங்கள்’ என்று பேச விட்டு, அவர்கள் சொல்வதிலிருந்து மதிப்பீட்டாளர் மதிப்பெண் போடுகிறார். சொல்பவர் ஒருவர், எடை போடுபவர் வேறொருவர். நேரம் மிச்சமாகிறதே என்று படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பி வாங்குவது பெருகிவிட்டதால், இந்த நுட்பத்தின் பயன் பல இடங்களில் கிடைப்பதில்லை.

எண்கள் ஏமாற்றும் விதம்

இனிப் பலரையும் கலங்கடிக்கும் விஷயத்துக்கு வருவோம். இரண்டு ஆண்டு தெரபிக்குப் பிறகு மறுபடி மதிப்பீடு செய்கிறார்கள். முன்பு 70 என்றிருந்த மதிப்பெண் இப்போது 64. குழந்தை பின்னோக்கிப் போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. இப்படிப்பட்ட தரப்படுத்திய மதிப்பெண், அதே வயதுக் குழந்தைகளின் சராசரியை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுவது. நான்கு வயதில் நான்கு வயதினரோடும் ஆறு வயதில் ஆறு வயதினரோடும் ஒப்பீடு நடக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் முன்னே ஓடுபவர்கள் வேகமெடுத்தால், நாம் நிற்காமல் ஓடினாலும் இடைவெளி கூடும். குழந்தை புதிதாக நாற்பது திறன்களைக் கற்றிருக்கலாம். சக வயதினர் அதைவிட அதிகம் கற்றிருந்தால் எண் இறங்கும். உண்மையான வளர்ச்சியைப் பார்க்க, ஒப்பீடு செய்யாத மூல மதிப்பெண்ணையோ, வைன்லேண்டின் மூன்றாம் பதிப்பு தருகிற வளர்ச்சி அளவையோ கேட்டு வாங்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 64 என்று அச்சிட்டு, வளர்ச்சி அளவைக் கடைசிப் பக்க அட்டவணையில் ஒளித்துவைக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அழுவது அந்த முதல் பக்கத்தைப் பார்த்துத்தான்.

எண் ஏறினாலும் எச்சரிக்கை தேவை. எந்த அளவுகோலிலும் பிழை உண்டு. நம்பகத்தன்மை 0.95 (1 என்றால் பிழையே இல்லை) என்ற மிக நல்ல கருவியையே எடுத்துக்கொள்வோம். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 15 என்றால், ஒரு முறை அளப்பதில் ஏறத்தாழ 3.4 புள்ளி முன்பின்னாகும். இரண்டு முறை அளந்து கழிக்கும்போது பிழையும் பெருகி 4.7 ஆகிறது. மாற்றம் தற்செயல் அல்ல என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஏறக்குறைய 9 புள்ளி வித்தியாசம் வேண்டும். ஆனால் குடும்பத்துக்குப் பொருள்படும் மாற்றம் எவ்வளவு என்று வைன்லேண்டின் இரண்டாம் பதிப்பை வைத்து 2018-இல் கணக்கிட்டபோது கிடைத்தது சுமார் 2 முதல் 4 புள்ளிதான். நூறு குழந்தைகளின் சராசரியில் அந்த மூன்று புள்ளி தெளிவாகத் தெரியும். ஒரே குழந்தையின் தாளில் அது பிழைக்குள் புதைந்துபோகும். ‘மூன்று புள்ளி ஏறியிருக்கிறது’ என்று காட்டப்படும் வரைபடம் மருந்துக் கடை ரசீதைவிட அதிகம் எதையும் நிரூபிப்பதில்லை.

அதைவிட அடிப்படையான தவறு, ஒரு வேலைக்குச் செய்த கருவியை வேறு வேலைக்கு எடுப்பது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் பட்டியலில் 20 கேள்விகள் இருக்கின்றன. கூடுதல் பரிசோதனை தேவைப்படும் குழந்தையை அடையாளம் காண்பது அதன் வேலை, அத்தோடு அதன் வேலை முடிந்தது. சமூகத் தொடர்பு பற்றிய 40 கேள்விகள் கொண்ட எஸ்சிகியூ பட்டியலின் ஒரு வடிவம் வாழ்நாள் முழுவதையும் பற்றிக் கேட்கிறது. ‘எப்போதாவது இப்படிச் செய்ததுண்டா?’ என்ற கேள்விக்கு இன்று ‘ஆம்’ என்றால், அடுத்த ஆண்டும் ‘ஆம்’தான், எந்தத் தெரபியும் அதை மாற்ற முடியாது. சமூகப் பழக்கத்தில் உள்ள சிரமங்களை அளக்கும், 65 கேள்விகள் கொண்ட எஸ்ஆர்எஸ் அளவுகோலில், ஆட்டிசத்துக்கு நேர்த் தொடர்பற்ற பொதுவான நடத்தைப் பிரச்சினைகளும் மதிப்பெண்ணை உயர்த்திவிடுகின்றன. அடம் குறைந்தால் எண் இறங்கும். சமூகத் திறன் வளர்ந்துவிட்டதாகப் படித்துவிடுவோம்.

முன்னேற்றத்தை அளக்கவே உருவான பட்டியல்களும் உண்டு. பெற்றோர் மத்தியில் அதிகம் புழங்கும் ஏடெக், பெர்னார்ட் ரிம்லண்ட், ஸ்டீபன் எடெல்சன் ஆகியோர் அமெரிக்காவின் ஆட்டிச ஆய்வு நிறுவனத்துக்காக 1999-இல் செய்தது. 77 கேள்விகள், நான்கு பிரிவுகள். மதிப்பெண் கூடக் கூடச் சிரமம் அதிகம் என்று பொருள். இலவசம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிக்கல் அதன் மொத்தக் கூட்டலில் இருக்கிறது. படுக்கையை நனைப்பதும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும் ஒரே கூட்டலுக்குள் வருகின்றன. மலச்சிக்கல் தீர்ந்தால் மொத்த எண் இறங்கும். நல்ல செய்திதான், ஆனால் அதைப் பேச்சுப் பயிற்சியின் கணக்கில் வரவு வைப்பது தவறு. மேலும், குழந்தைக்கு வயது ஏற ஏற ஏடெக் எண் தானாகவே இறங்கும் போக்கு பெரிய தொகுப்புகளில் தெரிந்திருக்கிறது. ஆகையால் நான்கு பிரிவுகளையும் தனித்தனியாக எழுதிவைப்பது நல்லது. மொத்தத்தை மறந்துவிட்டாலும் நட்டமில்லை.

நம்பிக்கை எப்படி எண்ணாகிறது

பெற்றோரின் பதிலை வளைக்கும் காரணங்கள் பல. அவற்றில் சில குழந்தையோடு தொடர்புடையவை, சில கேள்வித்தாளோடு, சில பெற்றோரோடு.

முதலாவது காலம். எந்தக் குழந்தையும் ஆறு மாதத்தில் வளரும். ஆட்டிச நிலைக் குழந்தையும் வளரும், தன் வேகத்தில். இரண்டாவது, உதவி தேடிப் போகும் வேளை. நிலைமை மிக மோசமான வாரத்தில்தான் குடும்பம் மருத்துவரிடம் ஓடுகிறது. அடுத்த அளவீட்டுக்குள் எதுவும் செய்யாமலே நிலைமை சற்றுத் தணியும். மேலே சொன்ன ரிஸ்பெரிடோன் ஆய்வில் சேர, எரிச்சல் மதிப்பெண் குறைந்தது 18 இருக்க வேண்டும் என்பது விதி. உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், போலி மருந்துக் குழுவும் 14 சதவீதம் இறங்கியதில் வியப்பில்லை.

மூன்றாவது விசித்திரமானது. ஆட்டிச ஆய்வாளர் கேத்தரின் லார்டும் அவருடைய சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. பெற்றோர் சில வாரங்களுக்குத் ரிஸ்பெரிடோன் ஆய்வில் பயன்பட்ட அதே நடத்தைப் பட்டியலைத் திரும்பத் திரும்ப நிரப்பினார்கள், அவ்வளவுதான். எரிச்சல் மதிப்பெண் இறங்கியது. முதல் முறை படிவத்தைப் பார்க்கும்போது மனத்தில் தேங்கியதெல்லாம் கொட்டப்படுகிறது. பிறகு பதில்கள் நிதானமடைகின்றன. ஒருமுறை அளந்து, சிகிச்சை தொடங்கி, மறுமுறை அளந்து, இறங்கியதைச் சிகிச்சையின் வெற்றி என்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

நான்காவது நம்பிக்கை. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மருந்தாகத் தந்து பார்த்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பதின்வயது மகனுக்கு உண்மையான மருந்து கிடைத்தது என்று நம்பிய பெற்றோர் அதிக முன்னேற்றம் கண்டார்கள்; மகனுக்கு உண்மையில் கிடைத்தது எது என்பதைவிட அந்த நம்பிக்கையே அவர்களுடைய பதிலை நகர்த்தியது. தெரபிகளில் இதைத் தவிர்ப்பது இன்னும் கடினம், ஏனென்றால் போலி மாத்திரை தரலாம், போலிப் பேச்சுப் பயிற்சி தர முடியாது. சிறு குழந்தைகளுக்கான ஆட்டிசப் பயிற்சிகளைப் பற்றிய 150 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2020-இல் வெளியான பகுப்பாய்வு இதைக் கடுமையாகச் சொன்னது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்தால் பல பயிற்சி முறைகள் பலன் தருவதாகத் தெரிந்தது. குலுக்கல் முறையில் குழு பிரித்தவற்றை மட்டும் எடுத்து, யார் பயிற்சி பெற்றார் என்று அறிந்தவர்கள் தந்த மதிப்பீடுகளையும் விலக்கியபோது, எந்த முறையின் பலனும் உறுதியாக நிற்கவில்லை.

உடனே பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. 2009-இல் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைப் பற்றிய ஆய்வில் 149 குழந்தைகள். மருத்துவர்களின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில், மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதமும் போலி மருந்து பெற்றவர்களில் 34.2 சதவீதமும் தேறியதாக முடிவானது. வெள்ளை அங்கி அணிந்தவரின் கண்ணும் ஆசைப்படத்தான் செய்கிறது.

எதிர்த்திசையில் வளைவதும் உண்டு, அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ‘நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும்’ என்று தொடக்கத்தில் எழுதும் பெற்றோர் ஏராளம். பயிற்சிக்குப் போகத் தொடங்கியதும் அவர்கள் கூர்ந்து பார்க்கக் கற்கிறார்கள். செருப்பை எடு என்று சொல்லும்போது தன் கண்ணும் கையும் வாசலைக் காட்டுவதைக் கவனிக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு, எதிர்பாராத நேரத்தில் சொல்லிப் பார்த்தால் குழந்தை நகரவில்லை. அடுத்த படிவத்தில் ‘புரியும்’ என்பது ‘சில சமயம் புரியும்’ ஆகிறது. எண் இறங்கியது, மாறியது பெற்றோரின் பார்வைக் கூர்மை. குழந்தை பேசும் சொற்களைப் பற்றிப் பெற்றோர் சொல்வது நேரடிச் சோதனையோடு நன்றாகப் பொருந்தும், புரிந்துகொள்ளும் சொற்களைப் பற்றிச் சொல்வது அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேசும் சொற்களில் அந்தப் பொருத்தம் எப்படி வந்தது? மக்ஆர்தர்–பேட்ஸ் சொற்பட்டியல் பெற்றோரிடம் ‘எத்தனை சொல் பேசுகிறது?’ என்று கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான சொற்களை வரிசையாக அச்சிட்டு, சொல்வதை மட்டும் குறியிடச் சொல்கிறது. நினைவிலிருந்து எடுக்கச் சொன்னால் மனிதர் தடுமாறுவர். கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காணச் சொன்னால் தடுமாற்றம் குறைவு.

விவரிப்பவர் ஒருவர், தீர்ப்பவர் வேறொருவர்

ரிஸ்பெரிடோன் ஆய்வுக் குழு செய்த இன்னொரு காரியம் அதன் முக்கிய முடிவைவிட எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பெற்றோரிடமும், உங்களை மிகவும் வாட்டும் இரண்டு பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவற்றை விவரிக்கச் சொன்னார்கள்: நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை, வீட்டில் அதனால் என்ன நடக்கிறது. பிறகு அதே விவரிப்பை மறுபடி வாங்கினார்கள். தேறியதா என்ற தீர்ப்பைப் பெற்றோரிடம் விடவில்லை. யாருக்கு எந்த மருந்து என்று அறியாத நிபுணர் குழு, விவரிப்புகளை மட்டும் படித்து மதிப்பெண் போட்டது. 2003-இல் வெளியான அந்த முடிவிலும் மருந்துக் குழு தெளிவாக வேறுபட்டது. கேள்விப் பட்டியலில் இல்லாத, அந்தந்த வீட்டுக்கே உரிய துன்பங்களை அளக்க முடிந்தது கூடுதல் பயன்.

இதை வீட்டளவில் செய்ய நிபுணர் குழு தேவையில்லை. ஒன்று அல்லது இரண்டு விஷயங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எண்ணக்கூடிய விதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘கோபம் குறைய வேண்டும்’ என்பதை எண்ண முடியாது. ‘தரையில் விழுந்து ஒரு நிமிடத்துக்கு மேல் கத்துவது’ என்பதை எண்ணலாம். ‘நன்றாகப் பேச வேண்டும்’ என்பதைவிட ‘நாம் தூண்டாமலே தானாக ஒன்றைக் கேட்டு வாங்குவது’ தெளிவானது. நாள் முழுவதும் எண்ணத் தேவையில்லை; மாலை ஐந்து முதல் ஆறு வரை போதும், ஆனால் அந்த நேரம் மாறக் கூடாது. புதிய தெரபியோ மருந்தோ தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எண்ணத் தொடங்கிவிட வேண்டும். இந்த ஒரு படியைத்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறவிடுகிறார்கள், அதற்குக் குடும்பத்தின் பதற்றம் மட்டும் காரணமல்ல; சேர்ந்த அன்றே பயிற்சியைத் தொடங்கிவிடும் மையங்களும் காரணம். இரண்டு புதிய முயற்சிகளை ஒரே வாரத்தில் தொடங்கினால், பிறகு எந்தப் பதிவும் எது வேலை செய்தது என்று சொல்லாது.

குறிப்பை அன்றன்றே எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எவ்வளவு நடக்கிறது? நாட்பட்ட வலியுள்ள பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. காகித நாட்குறிப்பைத் திறப்பதும் மூடுவதும் பதிவாகும்படி உள்ளே ஓர் உணரியை மறைத்துவைத்திருந்தார்கள். உரிய நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11. ஆட்டிசக் குழந்தையை வளர்க்கும் வீட்டில் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பது கருணையற்றது. விடுபட்ட நாளைப் பிறகு யோசித்து நிரப்பாமல் வெற்றாக விடுவதே மேல். வெற்று நாட்களும் பேசும்: பெரும்பாலும் மிக மோசமான நாட்கள்தான் விடுபடுகின்றன. எழுதிய நாட்களை மட்டும் கூட்டினால் நிலைமை இருப்பதைவிட நல்லதாகத் தோன்றும்.

கைபேசிக் காணொளி இன்னொரு நல்ல வழி. மாதம் ஒருமுறை, அதே இடம், அதே பொம்மைகள், அதே ஆள், பத்து நிமிடம். தேதியை மறைத்து, வரிசையையும் குலைத்து, குழந்தையை அறியாத ஒரு தெரபிஸ்ட்டிடம் எது முந்தையது, எது பிந்தையது என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சரியாகச் சொன்னால் மாற்றம் உண்மை. சொல்ல முடியாவிட்டால், அது குறைந்தபட்சம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும் மாற்றம் அல்ல.

அப்பாவும் அம்மாவும் வேறு வேறாக எழுதினால் பதற வேண்டாம். ஆசிரியர் எழுதுவது இருவரோடும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் பதற வேண்டாம். 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்த உளவியலாளர் அகன்பாக்கும் சகாக்களும், ஒரே சூழலில் குழந்தையைப் பார்ப்பவர்களுக்கு இடையிலான ஒப்புமை (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.60 என்றும், பெற்றோர்–ஆசிரியர் போல வெவ்வேறு சூழலில் பார்ப்பவர்களுக்கு இடையே 0.28 மட்டுமே என்றும் கண்டார்கள். பொதுவாகக் குழந்தைகளின் நடத்தையைப் பற்றிய கணக்கு அது. பள்ளியில் அடங்கியிருந்து வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும் குழந்தையை ஆசிரியர் ‘பிரச்சினை இல்லை’ என்றும் அம்மா ‘தாங்க முடியவில்லை’ என்றும் எழுதுவார்கள். அந்த முரண்பாடுதான் பள்ளி நாள் அந்தக் குழந்தையிடமிருந்து எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கான ஆதாரம்.

நிரப்புபவரின் நிலையும் தாளில் ஏறும். தூக்கமின்றி, மனச்சோர்வோடு இருக்கும் பெற்றோர் அதே நடத்தையைக் கடுமையாக மதிப்பிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்வதைவிட, தனியாக அளப்பது மேல். குடும்பத்தின் அனுபவத்தையே அளக்கும் 48 கேள்விகள் கொண்ட ஏஎஃப்இகியூ என்ற பட்டியல் இதற்காகவே உருவானது. பெற்றோருக்குப் பயிற்சி தந்து, குழந்தையோடு அவர்கள் பழகும் விதத்தை மேம்படுத்தும் பேக்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வோடு பிறந்தது அது. 2010-இல் 152 குழந்தைகளை வைத்து வெளியான பேக்ட் முடிவுகளிலும் நாம் பேசும் இடைவெளி இருந்தது: குழந்தையின் மொழி வளர்ந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள், நேரடிச் சோதனையில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. வீட்டில் மட்டும் தெரியும் வளர்ச்சியா, நம்பிக்கையின் விளைவா என்று அந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை.

எதை முன்னேற்றம் என்று எண்ணுகிறோம் என்பதும் இருக்கிறது. கையை உதறுவது, ஆடிக்கொண்டிருப்பது போன்றவை பல பட்டியல்களில் குறைய வேண்டியவை. அவை குறைந்தால் எண் மேம்படும். ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்கள் பலர், அதையெல்லாம் அடக்கிவைக்கப் பழக்கப்பட்டதைத் தங்கள் குழந்தைப் பருவத்தின் பெரும் சுமையாகச் சொல்கிறார்கள். யாருக்கும் தீங்கில்லாத ஒரு பழக்கம் நின்றதற்காக வரைபடத்தில் ஒரு படி ஏற்றிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. தூக்கம், வலி, பயம், தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கும் வழி, வீட்டைவிட்டு வெளியே போய்வர முடிவது – பெற்றோரிடம் திறந்த மனத்தோடு கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது இவற்றைத்தான். ஓரளவு சொல்லத் தெரிந்த குழந்தையிடம், படங்களைக் காட்டியாவது, நேரடியாகக் கேட்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். பயிற்சி தருபவரே மேசைக்கு எதிரே உட்கார்ந்து ‘முன்னேற்றம் தெரிகிறதா?’ என்று கேட்டால், இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருக்கும். குழந்தை நாளையும் அவரிடம்தான் போக வேண்டும். அந்தப் பதிலே பிறகு விளம்பரத்தில் சதவீதமாகத் தோன்றும்போது, அதில் பெற்றோரின் பங்கு எவ்வளவு, நாகரிகத்தின் பங்கு எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? படிவத்தை வேறொருவர் வாங்குவதும், முந்தைய பதில்களைக் காட்டாமல் நிரப்பச் சொல்வதும் செலவில்லாத திருத்தங்கள்.

இத்தனை நிதானமும் பொருந்தாத ஓர் இடம் உண்டு. பேசிக்கொண்டிருந்த சொற்களையோ கற்ற திறன்களையோ குழந்தை திடீரென்று இழந்தால், கண் சொருகி வெறித்து நிற்பது போன்ற வலிப்பின் அறிகுறி தெரிந்தால், அடுத்த மாதப் படிவத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதுவரை இல்லாமல் புதிதாகத் தலையை மோதுவதோ கன்னத்தில் அறைந்துகொள்வதோ தொடங்கினாலும் அப்படியே; சொல்லத் தெரியாத குழந்தையிடம் அது பல்வலியாக, காது சீழாக, மலச்சிக்கலாக இருக்கக்கூடும். அப்போது ‘நேற்றுவரை இப்படி இல்லை’ என்ற பெற்றோரின் ஒரு வாக்கியமே போதுமான தரவு. மருத்துவர் அதை வைத்தே அன்றைக்கே காதையும் பல்லையும் வயிற்றையும் பார்க்க வேண்டும்.